வாயை மூடிய மாப்பிள்ளையின் விளக்கம்

ஹேடார் மாதம் 14, ஞாயிறு, விடியலிலிருந்து எண்ணும் நம் கணக்கில் வெயில் சாயும் பகல் பதினோரு மணி. வாந்தி எடுத்தவர்கள் ஒன்பது பேர்.

பெருமதிப்பிற்குரிய காஷே தெரெஃபெ அவர்களுக்கு ஷிமெலிஸ் தலைவணங்கி எழுதுவது. நீங்கள் நலமா, வீட்டார் நலமா, மாடுகள் நலமா என்று கேட்பது முறை. வீட்டார் நலமில்லை என்பதை நானே எண்ணிக் குறித்திருப்பதால் மாடுகளை மட்டும் விசாரிக்கிறேன்.

நோன்புக்கு முந்தைய நாள் விருந்துக்கு என்னை அழைத்தது, உங்கள் மகள் வுபித்தை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான். தெரியும். அதனால்தான் காலையிலேயே வந்து, யாரும் கேட்காமலே உங்கள் சமையலறையைச் சோதித்தேன். கிருமி என்றதும் எல்லாரும் சாணத்தைப் பார்க்கிறார்கள். கிருமிகள் நம் தோலில், வாயில், குடலில் குடியிருக்கின்றன, நம் உடம்பில் பாதி நாம், பாதி அவை, பெரும்பாலும் சாதுவான குடித்தனக்காரர்கள், இடம் மாறினால்தான் வம்பு என்று நான் மரியாதையாய் எத்தியே என்றழைக்கும் உங்கள் மனைவி அஸ்கலெக்கு விளக்கினேன். அவர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்போ என் பொண்ணை எந்தப் பாதிக்குப்பா கேக்குற?" என்றார். வுபித் சிரித்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது.

நான் சிரிக்கவில்லை. முழங்கைவரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, விருந்துக்கான அயிப் பாற்கட்டியை நானே உதிர்த்துப் பிசைந்தேன், புகையில் நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே பிசைந்தேன், அடுப்போரம் வைத்தேன், பந்தி போட ஐந்து மணி நேரமாயிற்று, அப்போதுதான் எத்தியே இஞ்செரா ரொட்டியைக் கிழித்து அந்த அயிப்பைச் சுருட்டி, இருபத்துமூன்று பேர் பார்க்க என் வாய்க்கு நேரே குர்ஷா என்ற அன்புக் கவளத்தை நீட்டினார். "ஆ காட்டு, மாப்பிள்ளை!" அவர் விரலில் துணிக்கட்டு. வாயை மூடினேன். அவர் கையை இறக்கவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் தம்பி, "என்னடா, தாடை பூட்டிக்கிச்சா? சாவி வேணுமா?" என்றார். "அந்த விரல்ல சீழ் இருக்கு" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எத்தியே அதை அப்படியே உங்கள் வாயில் திணித்தார், பிறகு வரிசையாக எட்டுப் பேருக்கு ஊட்டினார், அயிப் தீர்ந்தது. மூன்று மணி நேரத்தில் ஒன்பது பேரும் வேலியோரம். நான் கல்லுக்குண்டு. எல்லார் கையிலும் மூக்கிலும், முறைப்படி என்னுடையதிலும், பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தேன். நீங்கள் என்மீது தும்மியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நேற்று நான் பெண் கேட்டு அனுப்பிய பெரியவர்கள் மூவர் எத்தியேயின் பதிலோடு திரும்பினார்கள்: "வாயைத் தொறக்காத மாப்பிள்ளை வேணாம்." காஷே, இது நியாயமா? குற்றம் அந்த விரலுடையது. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் தட்டுகளில் கிருமி வளர்ந்துகொண்டிருக்கிறது. முடிவு எனக்கு இப்போதே தெரியும். எத்தியே மன்னிப்புக் கேட்டால் போதும், பெருந்தன்மையாக ஏற்பேன்.

கடவுள் உங்கள் வயலுக்கு மழையும் வயிற்றுக்கு அமைதியும் தரட்டும்.

பணிவுடன்,
ஷிமெலிஸ்
பஹிர் தார், ஹேடார் 16

பி.கு., ஹேடார் 18: கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மறுபடி எழுதப் பொறுமை இல்லை. மேலே உள்ளதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். எத்தியேயின் விரலில் எல்லார் தோலிலும் குடியிருக்கும் சாதுக்கள் மட்டுமே. அது அடுப்பு சுட்ட காயம். அயிப் சட்டியில் நான் சுரண்டி எடுத்த ஒட்டலில் பொன்மஞ்சள் கிருமி, கொத்துக் கொத்தாக. அதே நிறம், அதே மருந்துகளுக்கு அடங்காத அதே திமிர், சோதித்த மூக்குகளில் ஒன்றே ஒன்றில் இருக்கிறது. அந்த மூக்கின்மேல் ஒரு கண்ணாடி இருக்கிறது. வுபித்திடம் சொன்னேன். "நீ பிசையும்போது மூக்கைத் தொட்டதை நானே பதினோரு தடவை எண்ணினேன். சொன்னா கேக்குற ஆளா நீ?" என்றாள்.

இனி செய்யப்போவது:

1. ஐந்து நாள் மூக்கில் களிம்பு. அதுவரை எந்தச் சமையலறைக்குள்ளும் நுழையேன்.
2. ஆறாம் நாள் காலை, மன்னிப்புக் கேட்கும் நம் முறைப்படி கழுத்தில் கல்லைச் சுமந்து உங்கள் வாசலில் வந்து குனிந்து நிற்பேன். எத்தியே சொல்லும்வரை இறக்கமாட்டேன். பெரிய கல்லாகவே தேர்ந்துவிட்டேன்.
3. நோன்புக் காலம், அயிப் கிடையாது. பருப்போ கீரையோ, அந்த விரலால் எது வந்தாலும் ஊரறிய வாயைத் திறப்பேன். இரண்டாவது கவளமும் வாங்குவேன்.
4. அவர் கேட்ட கேள்விக்கு வாய் காலியானதும் பதில் சொல்வேன்: இரண்டு பாதியும் சேர்ந்துதான் கேட்கிறோம், எத்தியே.