கோடு மேலே போகவேணும்

"பிள்ளை, கோடு கீழை போகுது!"

லப்டொப்பை எட்டிப் பார்த்துப் பஞ்சலிங்கம் அண்ணை கத்திய கத்தலில் அருந்ததியின் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிக் கொட்டியது. அவர் நீர்வேலி வாழைச் செய்கையாளர் சங்கத்தின் தலைவர். அவள் முகாமையாளர். வாழைப்பழம் எடுக்கக் கொழும்புக் கம்பனி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஓடர் கிடைத்தால் சங்கம் தப்பும். கிடைக்காவிட்டால் கதவைப் பூட்டவேண்டியதுதான். அவளுடைய வேலையும் அதோடு சரி.

"அண்ணை, அது அழுகின பழத்தின்ரை கோடு. வருசா வருசம் குறைஞ்சு, இப்ப எங்களிட்டை அழுகலே இல்லை. கீழை போறதுதான் நல்லது."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாறவைக்குத் தெரியுமோ? முதன்முதல் வாற ஆக்களுக்கு விழுகிறதையே காட்டுறது?"

ஒரு சிலைட், ஒரு படம், ஒரு விசயம். பயிற்சியில் படித்ததை அப்படியே கடைப்பிடித்து ஆசை ஆசையாய்ச் செய்த படம்! அழிக்க அருந்ததிக்கு மனமில்லை. என்றாலும் தலைவரல்லவா? கோட்டை அழித்துத் தூண்களாக மாற்றினாள்.

பொருளாளர் பத்மாவதி அக்கா எட்டிப் பார்த்தார். "என்னடியப்பா, வரவரக் கட்டையாய்ப் போகுது? தண்ணி விடாத தோட்டம் மாதிரிக் கிடக்கு."

தூண்களை அழித்து வட்டமாக்கினாள்.

"ஆரோ தோசையைக் கடிச்சுப்போட்டு வைச்ச மாதிரி இருக்கு."

"ஐயோ அக்கா!"

பழைய கோட்டையே திரும்பப் போட்டாள். ஒருவருக்கும் பிழையாய் விளங்கக்கூடாது என்று மேலே கொட்டைச் சிவப்பெழுத்தில் 'அழுகும் பழத்தின் அளவு' என்றும் அடித்தாள். அந்நேரம் வாசலில் வாகனச் சத்தம். லப்டொப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கம்பனி முகாமையாளர் கிறிஸ்ரோபர் வந்து அமர்ந்தார். அருந்ததி லப்டொப்பைப் பெரிய திரையோடு பொருத்தினாள்.

"பாருங்கோ சேர்!" என்று பொத்தானை அழுத்தினாள்.

கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது!

"இலக்கங்களைத் தலைகீழாய் மாத்தி அடிச்சனான்," பஞ்சலிங்கம் அண்ணை காதுக்குள் பெருமையாய்ச் சொன்னார். "இப்ப வடிவாய் ஏறுது, பார்."

கிறிஸ்ரோபர் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். "வருசா வருசம் உப்பிடியே கூடுதோ?"

"ஓம் சேர், ஓம்! இன்னும் கூடும்!" அண்ணை முந்திக்கொண்டார்.

"சேர், அந்தக் கோடு..." என்று வாய் திறந்த அருந்ததியின் வாய்க்குள் பத்மாவதி அக்கா சுடச்சுட ஒரு வாய்ப்பன் பலகாரத்தைத் திணித்தார்.

"அருமை!" கிறிஸ்ரோபர் கைதட்டினார். "இவ்வளவு தெளிவாய் ஒருத்தரும் எங்களுக்குக் காட்டேல்லை. இப்பவே கையெழுத்து வைப்பம். திங்கட்கிழமை லொறி வரும்!"

சங்கமே துள்ளிக் குதித்தது. "பாத்தியோ? கோடு ஏறினாலே காணும்!" என்று அண்ணை மீசையை முறுக்கினார். கிறிஸ்ரோபருக்குக் கண் தெரியாதோ, சிவப்பெழுத்தை வாசிக்கவில்லையோ என்று அருந்ததி குழம்பினாள். ஆனால் வேலை தப்பிவிட்டதே! அவளும் சேர்ந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை லொறி வந்தது. ஒரு கீறல்கூட இல்லாத இதரை வாழைக் குலைகளாய்ப் பார்த்துப் பார்த்து முற்றம் நிறைய அடுக்கியிருந்தார்கள். சாரதி இறங்கி, குவியலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பசளை உரம் செய்யிற எங்களுக்கு நல்ல பழம் என்னத்துக்கு? சேர் சொன்ன அழுகல் எங்கை?"