ஒரு மைனஸ் போட்டால் போதும்

நம் பள்ளிக்கூடங்களில் 'தேடுவார்' என்றோர் இனம் பெருகிவருகிறது, கவனித்தீர்களா? பாடம் நடத்துவார், பேப்பர் திருத்துவார், பெற்றோர் கூட்டத்தில் திட்டு வாங்குவார் போன்ற பழைய இனங்களோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் பாடத்துக்கு உபகரணம் தேடுவார். நடத்துவதெல்லாம் பிறகு.

அடையாளம் சுலபம். ஸ்டாஃப் ரூமில் ஃபேனுக்கு நேர் கீழே, லேப்டாப்பில் மூக்கு முட்ட, ஆறிப்போன டீயில் ஆடை படர்ந்திருப்பது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். "நெட்ல எல்லாருந்தான் தேடறாங்க. தேடத் தெரியணும் சார்!" என்பார். மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒரு பலன், பி.டி.எஃப். மட்டும் கேட்டால் ஒரு பலன், வேண்டாத வார்த்தைக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் மகா பலன். "ஒரு மைனஸ் போட்டா போதும், குப்பையெல்லாம் ஓடிடும்!" குப்பை ஓடும். கூடவே பீரியடும் ஓடும்.

எங்கள் சேலையூர்ப் பள்ளியின் தமிழாசிரியர் சம்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் தாளாளர் ஜெயசீலி அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர் வகுப்பைப் பார்க்கப் போகிறார். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஜூனில் வேறு ஆள். பாடமோ ஒன்பதாம் வகுப்புக்குச் சிலேடை அணி. ஒரே சொல் இரண்டு பொருள் தருமே, அதுதான்.

திங்கட்கிழமை 'அணி' என்று தட்டினார். கிரிக்கெட் அணி வந்தது. மைனஸ் கிரிக்கெட். கபடி அணி வந்தது. மைனஸ் கபடி. பிறகு இளைஞர் அணி, மகளிர் அணி, வழக்கறிஞர் அணி என்று எல்லாக் கட்சிகளும் வரிசை கட்டி வந்தன, அத்தனைக்கும் மைனஸ். செவ்வாய்க்கிழமை 'தலைக்கவசம் அணி' என்று போலீஸ் வந்தது. போலீசின் தலைக்கவசத்துக்கும் மைனஸ்! புதன்கிழமை அந்த இயந்திரமே அலுத்துப்போய், 'நீங்கள் தேடுவது ஆணியா?' என்று கேட்டு, பல்லாவரத்து ஹார்டுவேர் கடைகளையும் கால் ஆணிக்கு வைத்தியத்தையும் காட்டியது.

பக்கத்து மேசை ஆஷா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "சார், புக்லயே ரெண்டு பாட்டு இருக்கே. அதை வெச்சே நடத்தலாமே?"

"புக்கா? அது எல்லார்கிட்டயும் இருக்கே மேடம்!"

வியாழக்கிழமை இருபத்து மூன்றாவது மைனஸ் போட்டதும் ஒரே ஒரு முடிவு மிஞ்சியது. பரவசத்தோடு திறந்தார். 'அணி இலக்கணத்துக்கு உபகரணம் இருந்தால் அனுப்பவும். சம்பந்தம், சேலையூர்.' போன வருஷம் ஆசிரியர் குழு ஒன்றில் அவரே போட்டுவைத்த கேள்வி. பதில் யாரும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அட்டெண்டர் குமரவேல் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், இன்னும் தேடிக்கினே கீறீங்க? பெல்லு அட்ச்சி அஞ்சு நிமிசம் ஆவுது. அம்மா அங்க போயி குந்திக்கினு கீறாங்க!"

ஓடினார் மனிதர். பதற்றத்தில் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டியதும், இருபத்து மூன்று மைனஸோடும் அந்தத் தேடல் வரி சுவர் முழுக்க விரிந்தது. அணி, மைனஸ் கிரிக்கெட், மைனஸ் கபடி, மைனஸ் மகளிர்... மகளிர் என்ற இடத்தில் ஜெயசீலி அம்மாவின் புருவம் உயர்ந்தது. சம்பந்தம் அணைக்கும் ஸ்விட்சைத் தேடினார். அடுத்த வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கு டொக் டொக்கென்று அந்தத் தேடல்தான் கேட்டது. ஐயோ பாவம், வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது பெஞ்சு வினிதா களுக்கென்று சிரித்தாள். "சார், அணின்னா டீமும் வருது, கட்சியும் வருது, ஹெல்மெட்டும் வருது. ஒரே வார்த்தைக்கு இவ்ளோ மீனிங்கா! இதானே சார் சிலேடை?"

அவ்வளவுதான், வகுப்பு பிடித்துக்கொண்டது. "சார், ஆறு!" "மாலை, சார்!" "படின்னா படிக்கட்டு, படின்னா புக்கைப் படி, எங்க வூட்ல அரிசி அளக்கற படி!" கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். சம்பந்தம் செய்ததெல்லாம், அவர்கள் சொன்னதைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதியதுதான். சுவரில் காதை வைத்துக் கேட்ட எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

ஜெயசீலி அம்மா கைகுலுக்கினார். "பிரமாதம் சார்! நீங்க கன்ஃபர்ம்டு. அந்த மைனஸ் ஐடியா சூப்பர். எங்கேர்ந்து எடுத்தீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த இனம் சொல்லுமா?

"நெட்லதான் மேடம். தேடத் தெரியணும்."

"அப்போ லிங்க் அனுப்புங்க. எல்லா டீச்சர்ஸுக்கும் ஃபார்வர்ட் பண்ணணும்."

இன்றோடு மூன்று வாரம். வேலை நிரந்தரமாகிவிட்டது. சம்பந்தம் அந்த லிங்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சரி, நாளை முதல் பீரியடில் உங்களுக்கு என்ன பாடம்? அதற்கு ஏதாவது அகப்படுமா என்று துழாவிக்கொண்டுதானே இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தீர்கள்? உதவாது என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்திருக்குமே. அப்புறமும் கடைசி வரி வரைக்கும் வந்திருக்கிறீர்களே, சார்!