உத்தரவு வாங்கிக் குதித்தவர்

டெல்லியில் செயலகம் என்று ஒன்று கட்டப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, ஆகாயத்திலிருந்து விழுவதற்கு ஃபைல் போட்டு, ஒப்புதல் வாங்கி, அதன் பிறகு விழுந்த ஒரே மனிதர் எங்கள் நோட்டிங் சார்தான். பந்தயம் கட்டத் தயார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் அது அவர் மனைவிக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஆபீசில் ஃபைலுக்கு ஃபைல் 'நோட்டிங்' என்று குறிப்பெழுதிப் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? ஃபிரிஜ்ஜின் மேல் எப்போதும் ஒரு ஃபைல் கிடக்கும். "தக்காளிச் சட்னி இரண்டு நாள் பழையது. அப்புறப்படுத்தலாமா? உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருப்பார். மாமி தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவர், லேசுப்பட்டவரா? "முதல் நாளே ஏன் தெரிவிக்கவில்லை?" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். விளக்கம் எழுதி முடிப்பதற்குள் சட்னி நுரைத்துவிடும்.

நான் எதிர் ஃப்ளாட். பாங்க் ஊழியன், மதுரைக்காரன், அவரைவிடப் பதினெட்டு வயது இளையவன். ஒரு நாள் காஸ் சிலிண்டரைத் தூக்கப்போய் என் வலது தோள்மூட்டு கழன்றுவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். நான் வலியில் அலற, அவர் ஆட்டோ புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டார். இந்தத் தோளை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

ஓய்வு பெறும் மாதம் வந்தது. ஆபீசில் வழக்கப்படி சுவர்க் கடிகாரம் வேண்டுமா, சூட்கேஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டும் வேண்டாம், பாராசூட்டில் குதிக்க ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுங்கள் என்றாராம். ஆபீசே ஆடிப்போய்விட்டது. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். பல வருஷங்கள் அவருடைய மேஜையில் பாராசூட் துணி பற்றிய ஃபைல் ஒன்று இருந்ததாம். அங்குலத்துக்கு எத்தனை இழை, எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று ஒன்றுவிடாமல் எழுதி மேலே அனுப்புவார். அது சந்தேகங்களோடு கீழே இறங்கும். ஃபைல் முடியவே இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரு பாராசூட் விரிந்ததை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"ஒரு தடவை பாத்துடணும்ப்பா. நீயும் வாயேன்" என்றார். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த தைரியத்தில் சரி என்றுவிட்டேன்.

அடுத்த நாளே ஃபைல் பிறந்தது. பொருள்: "குதித்தல், முதல் முறை, இரண்டு நபர்கள்." முதல் முறை குதிக்கப் போகிறவர்கள் அந்த ஃபைலைப் படித்தாலே போதும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி உசிதம். கயிறு கட்டிய ஷூதான், செருப்பு ஆகாது. எடைக்கு வரம்பு உண்டு, வீட்டிலேயே நின்று பார்த்துவிட வேண்டும். சட்டைப்பை காலியாக இருக்க வேண்டும். புதியவர்களைத் தனியே தள்ளிவிட மாட்டார்கள், பயிற்சியாளர் முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார். அவரிடம் உபரியாக இன்னொரு பாராசூட்டும் இருக்கும். காற்று சரியில்லை என்றால் மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள், திருப்பியும் அனுப்புவார்கள், கோபப்படக் கூடாது. இதில் கடைசி விஷயத்துக்கு மட்டும் சார் ஆயுள் முழுக்கப் பயிற்சி எடுத்தவர்.

மாமி பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு ஒரே வார்த்தை எழுதினார்: "பேசவும்." மூன்று நாள் பேசினார்கள். எங்கள் வீட்டு டி.வி.யைக் குறைத்து வைத்தும் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. சாருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதுதான் மாமியின் பயம். டாக்டர் சான்றிதழைப் பார்த்த பிறகு நான்காம் நாள் உத்தரவு வந்தது: "ஆட்சேபம் இல்லை. போகிற இருவரும் முழுதாகத் திரும்பி வர வேண்டும்."

ஹரியானா பக்கம் ஒரு சின்ன விமானத் திடல். விடியற்காலையில் கிளம்பிப் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் வானத்தைப் பார்த்து மிரண்டுகொண்டிருக்க, சார் மட்டும் உபரி பாராசூட்டை மடித்துக் கட்டியது யார் என்று விசாரித்தார். அதற்கென்று ஒரு அட்டை இருக்கிறது. மடித்தவர் அதில் கையெழுத்துப் போட்டு, தேதி போட வேண்டும். கையெழுத்தைப் பார்த்தவுடன் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதோடு விடாமல் கையெழுத்துப் போட்ட சர்தார்ஜியையும் தேடிப் போய்ப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டு வந்தார்.

பிறகு பயிற்சி. விமானத்தை விட்டதும் வயிற்றை முன்தள்ளி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் தூக்கிக்கொள்ள வேண்டும். பெஞ்சில் குப்புறப் படுத்து சார் வளைந்ததைப் பார்த்து, பயிற்சியாளர் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டு வந்தார்.

கடைசியில் படிவம். சார் ரத்த அழுத்தத்தை எழுதி, சான்றிதழை இரண்டு நகல்களோடு இணைத்தார். தோள் எப்போதாவது கழன்றதுண்டா என்ற கேள்விக்கு நான் 'இல்லை' என்று எழுதினேன். காகிதம் என்று ஒன்று அவரைக் கடந்து போனால் படிக்காமல் விடுவாரா?

"என்னப்பா, தோள்பட்டைக்கு இல்லேன்னு போட்டிருக்கே?"

"சார், அது பழைய கதை. எழுதினா விடமாட்டான், சும்மா இருங்க."

"விடாம இருக்கத்தானே கேக்கறான்?"

சொல்லிவிட்டு என் படிவத்தை நேரே பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பாராசூட் விரியும்போது பலமாக ஒரு இழுப்பு இழுக்கும், மேலே போய்த் தோள் கழன்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு அந்த ஆள் என் பெயரை அடித்துவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ல இருக்கறவன் காரியத்தையெல்லாம் நிறுத்தி வெச்சது பத்தலையா சார்? இன்னைக்கு என்னையுமா?"

அவர் பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

காற்று வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. இதுதான் இன்றைக்குக் கடைசி நடை, ஜல்தி ஜல்தி என்று கூப்பிட்டார்கள். சார் பட்டைகளெல்லாம் கட்டிக்கொண்டு நின்றார், நகரவில்லை. ஃபைலைத் திறந்து மளமளவென்று எழுதி என்னிடம் நீட்டினார். "உடன் வந்தவரால் தோள் காரணமாக வர இயலவில்லை. தடுத்தது நான். தனியாகப் போகலாமா? உத்தரவு வேண்டும்."

"அதான் மாமி உத்தரவு குடுத்தாச்சே" என்றேன் வெடுக்கென்று.

"அது ரெண்டு பேருக்கு வாங்கினதுப்பா" என்றார்.

விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேனா என் கையில். 'பேசவும்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், விமானம் போய்விடும். பொய் சொல்ல மாட்டேன், எழுதத்தான் நினைத்தேன். பேனாவை வைத்து 'பே' வரைக்கும் எழுதியும்விட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். பட்டைகளுக்கு நடுவே தொந்தி பிதுங்க, மூக்குக் கண்ணாடியைப் பைஜாமா எலாஸ்டிக்கால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அந்த மனிதர் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்றால் பேசாமல் பட்டைகளை அவிழ்த்துவிடுவார், அது எனக்குத் தெரியும். எழுதியதை அடித்துவிட்டு, "போகலாம். உடனடி" என்று போட்டுக் கையெழுத்திட்டேன். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டேன். அப்புறம்தான் ஓடினார்.

மேலே நடந்ததைப் பயிற்சியாளர் பிறகு சொன்னார். கதவோரத்தில் உட்கார்ந்துகொண்டு, போகலாமா என்று இந்தியில் கேட்டிருக்கிறார். கீழே பார்த்தால் பத்தாயிரம் அடி. நம் சார் நிதானமாக, "ஆப் ஜைஸா உசித் சம்ஜேன்" என்றாராம். தாங்கள் எது சரியென்று நினைக்கிறீர்களோ அப்படியே என்று அர்த்தம். ஆயுளில் கடைசி முறையாகப் பொறுப்பை மேலிடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் விழுந்திருக்கிறார்.

கீழே நான் அண்ணாந்து நின்றேன். ஒரு புள்ளி தெரிந்தது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை, விரியணுமே விரியணுமே என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஆரஞ்சும் நீலமுமாகப் படாரென்று விரிந்தபோது பக்கத்தில் நின்ற சர்தார்ஜியைக் கட்டிக்கொண்டுவிட்டேன்.

சார் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே புல்லில் சறுக்கி உட்கார்ந்தார். பயிற்சியாளருக்கு ஒரே குறை. இவ்வளவு செலவழித்து வருகிறவர்கள் வயலைப் பார்ப்பார்கள், ஊரைப் பார்ப்பார்கள், இவர் இறங்கும்வரை தலையை மேலே தூக்கித் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நான் போய் நின்றபோது சார் அந்தத் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எழுதினது சரிதாம்ப்பா" என்றார். பிறகு ஃபைலை வாங்கி எழுதினார்: "பார்த்தேன். கோப்பை முடிக்கலாம்."

இப்போது சாரும் மாமியும் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார்கள். போன மாதம் மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி திடீரென்று குலுங்கி நின்றதில் அதே தோள் மறுபடி கழன்றது. தரையில் இரண்டு காலும் ஊன்றி நிற்கும்போதே வலியில் உயிர் போயிற்று. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் அவருக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும், "ஆஸ்பத்திரி படிவத்துல பழசையெல்லாம் எழுதினியா?" என்றார்.

"எழுதினேன் சார்" என்றேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதியிருந்ததை மட்டும் சொல்லவில்லை.