ஓட்டுக் கட்டடத்தைத் தொட்டுப் பாருங்கள்

"மேடம், நாளைக்குக் காலையில மிஷின் வருது. பழுதான கட்டடத்தை இன்னைக்கே காலி பண்ணி வெச்சுடுங்க. அதாவது, அந்த..."

தலைமையாசிரியை ஹெலினா மேற்கொண்டு கேட்கவில்லை. "ஒரு பெஞ்ச்கூட நகராது சார்!" என்று போனைத் துண்டித்தார். அது மறுபடி அடித்தது. ஒரேயடியாக அணைத்து வைத்துவிட்டார். கல்வி அலுவலக கிளார்க்கிடம் பேசி ஜெயித்தவர் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

திருமழிசைக்குப் பக்கத்தில் ஹைவேயை ஒட்டி இருந்த அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டே கட்டடங்கள். ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்க்காரர்களே கல்லும் சுண்ணாம்பும் சுமந்து எழுப்பிய ஓட்டுக் கட்டடம். பள்ளி தொடங்கியதே அதில்தான். இன்னொன்று, நாலைந்து வருஷத்துக்கு முன் ரிப்பன் வெட்டித் திறந்த மாடிக் கட்டடம். வருகிற அதிகாரி ஒவ்வொருவரும் ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பிறகு மாடிக் கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஓட்டுக் கட்டடம் போனால் பத்தாம் வகுப்புக்கு இடமில்லை. ஹைவேக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அத்தனை லாரிகளுக்கு நடுவே பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? ஒன்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஹெலினா சரித்திர ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"சம்பந்தம் சார், நீங்க சரித்திரம்தானே? 'நூற்றாண்டு கண்ட நம் கட்டடம்'னு பெரிசா ஒரு பேனர் எழுதுங்க. சரித்திரத்தை எவன் இடிக்கிறான்னு பார்ப்போம்!"

சம்பந்தம் தலையைச் சொறிந்தார். "கட்டி எண்பது சொச்சம்தான் ஆகுது, மேடம்..."

"மீதியை அது போகப் போக சம்பாதிச்சுக்கும். எழுதுங்க."

பேனர் வாசலில் ஏறியது. ஏறிய சூட்டிலேயே, பத்தாம் வகுப்பு பெனிஷாவின் அம்மா ரோஸி குடையும் கையுமாக வந்து நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, நூறு வர்ஸத்து பில்டிங்கா இது? இத்தினி நாளு சொல்லவே இல்ல! ஓடு கீடு தலைல வுழுந்தா யாரு பதில் சொல்றது? எம் பொண்ணு டீசியக் குடு!"

"விழாது ரோஸி. இனிமே நானே அதுக்குள்ளதான் உக்காரப் போறேன். போதுமா?"

சொன்ன சொல்லுக்காக அவருடைய மேஜை, நாற்காலி, பீரோ எல்லாம் மைதானத்தைக் கடந்து ஓட்டுக் கட்டடத்துக்குப் போயின. ரோஸி அசையவில்லை.

"நீ மட்டும் குந்திக்கினா ஆச்சா? மத்த புள்ளைங்க மாடில ஜோரா கீதுங்கோ. எம் பொண்ணு மட்டும் ஓட்டுக்குக் கீழயா?"

ஹெலினாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, மொத்த ஸ்கூலும் இங்கேயே வரட்டும்! புள்ளைங்க இருக்கிற கட்டடத்தை எந்த மிஷின் தொடும்னு பார்க்கிறேன்."

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படை கிளம்பியது. பெஞ்சுகள் வந்தன, கம்ப்யூட்டர்கள் வந்தன, சத்துணவு அரிசி மூட்டைகூட வந்தது. மாடிக் கட்டடத்துச் சுவரிலிருந்து இந்திய வரைபடத்தைக் கழற்றிய சம்பந்தம் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், இங்க காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரு விரிசல்..."

"நான் மிஷினோட சண்டை போடப் போறேன், நீங்க சுவரோடயா? மேப்பைத் தூக்குங்க சார்!"

மூன்று அறைகளுக்குள் ஒரு பள்ளி முழுவதும் அடைந்தது. ஆறாம் வகுப்பின் வாய்ப்பாடும், எட்டாம் வகுப்பின் சிப்பாய்க் கலகமும், பத்தாம் வகுப்பின் பித்தாகரஸ் தேற்றமும் ஒரே கூரைக்குக் கீழே முட்டிக்கொண்டன.

"கர்ணத்தின் வர்க்கம் எதுக்குச் சமம், பெனிஷா?" என்று கணக்கு டீச்சர் கனிமொழி தொண்டை கிழியக் கேட்டார்.

"மங்கள் பாண்டே, டீச்சர்!"

எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. "மாடியில இருக்கிற ஃபேனை எல்லாம் கழட்டி இங்க மாட்டச் சொல்லுங்க!" என்றார் ஹெலினா. மாட்டினார்கள். எல்லா சுவிட்சையும் ஒன்றாகப் போட்டதும் டப்பென்று ஃபியூஸ் போனது.

"காத்து வேணாம், மானம் போதும்! பாடத்தை நடத்துங்க!"

மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் மஞ்சள் மிஷின் உறுமிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தது. ஹெலினா ஓடிப்போய் ஓட்டுக் கட்டடத்து வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். டீசிக்காக மறுபடி வந்திருந்த ரோஸி மிஷினைப் பார்த்தாள், ஹெலினாவைப் பார்த்தாள், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சரம்மா மேல கைய வெச்சுப் பாரு! எம் பொண்ணு உள்ள கீறா!"

"என்னைத் தாண்டித்தான் இதைத் தொடணும்!" ஹெலினாவின் குரல் ஹைவே வரைக்கும் கேட்டது. "எங்க பொண்ணுங்க பத்தாவது படிக்கிறது இந்தக் கூரைக்குக் கீழதான். ஒரு ஓடு உடைஞ்சாலும் உங்க ஆபீஸையே இங்க வரவழைப்பேன்!"

டிரைவர் லட்சுமணன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். பேனரைப் படித்தார். திரும்பி, ஆளும் இல்லாமல் ஃபேனும் இல்லாமல் மூளியாக நின்ற மாடிக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு ஹெலினாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எத்தினியோ இஸ்கூல்ல இடிச்சிகீறேன் மேடம், இடிக்கச் சொன்ன மாடிக் கட்டடத்த இப்புடி ஃபேன் மொதக்கொண்டு கழட்டி, நான் வர்றதுக்குள்ள சுத்தமா காலி பண்ணிக் குடுத்தது நீங்க ஒர்த்தருதான்!"