இனம் தெரியாமல் பிடுங்காதவர்

வாசலில் முளைத்த களையைப் பிடுங்காதவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை சோம்பேறிகள். அவர்களால் தொந்தரவில்லை, யாராவது பிடுங்கிப்போட்டால் நன்றி சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார்கள். நாம் பேசப்போவது மற்ற வகையைப் பற்றி. இன்ன இனம் என்று தெரியாமல் ஒரு களைமேல் கைவைப்பது பாவம் என்று நம்புகிறவர்கள் இவர்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயிலுக்கு நேரமாகும்போது தண்டவாள ஓரத்தில் குந்தி, ஒரு பூண்டின் கிளைகளை விரலால் விலக்கி, "எதிரெதிரா பிரியுது, பாத்தியா?" என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரயில்? அது எப்போதோ போயிருக்கும்.

பொன்னேரி பூவராகவன் இந்த இனத்தில் நன்றாக விளைந்தவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வாரம் முழுக்க நட்டையும் போல்ட்டையும் இனம் பிரித்த கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா?

எழுபத்து நாலில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மகள் செண்பகத்துக்கு நிச்சயம். முன்பே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. ராகுகாலம் பிறக்குமுன் தட்டு மாற்றிவிட வேண்டும்.

"கோலம் போடணும், அந்தப் பூண்டப் புடுங்கிடட்டா?" என்று காலையிலேயே கேட்டாள் மனைவி லட்சுமியம்மாள்.

"தொடாத! நெருஞ்சின்னா தரையோட படுக்கும், நாயுருவின்னா வெறப்பா நிக்கும். இது ரெண்டுங்கெட்டானா கீது. பூ வுடட்டும், சொல்றேன்."

கோலம் பூண்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வேப்பம்பட்டிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் துளசிராமன் வந்தார். வாசலைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பூண்டின் அருகே குந்திவிட்டார். பூவராகவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்பேர்ப்பட்டவர் வீட்டில் மகள் நன்றாகத்தான் இருப்பாள் என்று தானும் பக்கத்தில் குந்தினார்.

"அடியிலயே கெளை பிரியுது, கவனிச்சீங்களா சம்பந்தி?"

"எங்க அடியில? ஒத்தத் தண்டா மேல போயி, அப்புறந்தான் ரெண்டா கவை வுடுது."

"அது கவையில்லீங்க, கணுவுல வந்த கெளை."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

உள்ளே காபி ஆறியது. சுற்றமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தது. துளசிராமன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கவைக்கும் கணுவுக்கும் வித்தியாசம் தெரியாத ஊட்ல பொண்ணு எடுக்கறதா? கெளம்புங்க எல்லாரும்!" விட்டுக்கொடுக்கலாமா என்று பூவராகவன் ஒரு கணம் நினைத்தார். ஆனால் கிளை அடியில்தானே பிரிகிறது? மறுபடி பூண்டின் அடியையே பார்த்தார். செண்பகம் அழுதாள். பாவம், வேறென்ன செய்வாள்?

லட்சுமியம்மாள் வெளியே வந்தாள். பூண்டை வேரோடு பிடுங்கி வேலிக்கு அந்தப்பக்கம் வீசினாள். அங்கே கட்டியிருந்த எருமை அதை ஒரே வாயில் முடித்தது.

"ஐயோ, இன்னும் பூவே வுடலியே!" என்று அலறினார்கள் இருவரும், ஒரே குரலில்.

துளசிராமன் பூவராகவனின் தோளைத் தொட்டார். "எப்பவும் இப்டித்தானா?"

"கல்யாணமான நாள்லருந்து."

"எங்கூட்லயும் இதே பேஜாருதான். வாங்க சம்பந்தி, உள்ள போலாம்."

அந்தத் துக்கத்தோடு துக்கமாகத் தட்டு மாறியது. ராகுகாலம் பிறக்கச் சற்று நேரமிருந்தது.

எல்லாம் சரி, அது என்ன செடி என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு பெண்ணின் கல்யாணம் ஊசலாடும்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தீர்களா? அப்படியானால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் வந்தால், வாசலைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை தயவுசெய்து நீங்கள் உள்ளேயே இருங்கள்.