பதின்மூன்று லட்சத்துக்கு ஒரு சரி சரி

"சரி சரின்னு சொன்னா அது கையெழுத்தாடா?"

கொரியாவின் தேஜான் ஊர்ச் சந்தையில் நாலு மேசை போட்டு நூடுல்ஸ் கடை நடத்தும் மல்-சூன், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தினாள். கையில் மாவு நறுக்கும் கத்தி வேறு.

முந்தின நாள் மாவு பிசையும்போது ஒரு விளம்பரக் கம்பெனிக்காரன் கூப்பிட்டிருந்தான். இணையத்தில் தேடினால் உங்கள் கடைதான் முதலில் வரும், மாதம் கொஞ்சம் காசுதான் என்றான். ஆளை விட்டால் போதும் என்று "சரி சரி" என்றவள், கேட்டதும் கார்டு எண்ணையும் சொல்லித் தொலைத்தாள். ஒரு வருடத்துப் பணம், பதின்மூன்று லட்சம் வோன், ஒரே மூச்சில் கார்டில் ஏறிவிட்டது. அதைக் கட்டினால், முப்பதாவது கல்யாண நாளுக்குக் கணவர் தோங்-ஷிக்கோடு ஜெஜு தீவுக்குப் போவது அவ்வளவுதான்.

"நீங்க சரின்னது ரெக்கார்டு ஆயிருக்கும்மா. ரத்து பண்ண முடியாது."

"உன் நாக்கை மாவுல உருட்டி, மடிச்சு, பொடிசா நறுக்கி, கொதிக்கிற தண்ணில போடுவேன். மூணே நிமிஷத்துல வெந்துடும்டா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் கிண்ணத்தை மறந்தார்கள். மூலை மேசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து கார்டு கம்பெனி. பேசிய பெண் பொறுமைசாலி.

"புகார் பதிஞ்சாச்சும்மா. விளம்பரத்தால பலன் எதுவும் இல்லைன்னு காட்டணும். மத்தியான நேரத்துல கடையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அது பெரிய காரியமா? மல்-சூன் கடை மத்தியானத்திலும் ஈ ஓட்டுகிற கடைதான். ஆனால் மறுநாள் போட்டோ எடுக்க வெளியே வந்து பார்த்தால், வரிசை கருவாட்டுக் கடை வரைக்கும் நின்றது.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"போன்ல பார்த்தோம், சித்தி."

போச்சுடா. விளம்பரம் வேலை செய்கிறது.

"மாவு தீர்ந்தது" என்று அட்டை மாட்டிக் கூட்டத்தை விரட்டினாள். மறுநாள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்கள். குழம்பில் மிளகாய்ப் பொடியை இரட்டிப்பாகக் கொட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"உங்க வீட்டு அடுப்பெல்லாம் அணைஞ்சு போச்சா? சோத்துக்கு என் உயிரைத்தான் வாங்கணுமா?"

கை தட்டினார்கள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லுங்க சித்தி," என்றான் டை கட்டிய ஒருவன்.

பாத்திரம் கழுவ வந்த தோங்-ஷிக்குக்கு வாயெல்லாம் பல். "இப்படியே போனா ஜெஜுவுக்கு ரெண்டு தடவை போகலாம் போலிருக்கே. அந்தப் பயலுக்குப் பணத்தைக் கொடுத்துட்டுப் போயேன்."

"ஏமாத்துனவனுக்கா?"

"ஏமாத்துனவன் இவ்வளவு வேலை செய்வானா?"

அந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது. பலன் இல்லை என்று எழுதினால் பொய். பொய் சொல்லி வாங்கிய காசில் ஜெஜுவுக்குப் போனால் அங்கே தின்கிற மீன் தொண்டையில் இறங்குமா? ஒரு வாரம் கழித்து, எரிச்சலோடுதான் என்றாலும், கார்டு கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். கூட்டம் தாங்கல. அவன் நல்லாத்தான் விளம்பரம் பண்ணியிருக்கான். பணத்தை அவனே வெச்சுக்கட்டும்."

மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு.

"அவங்க விளம்பரமே போடலம்மா, நேத்தே பணத்தைத் திருப்பிட்டாங்க; நீங்க அவனை நறுக்கி வேக வெக்கிறேன்னு சொன்ன வீடியோதான் ஊரெல்லாம் ஓடுது, எங்க ஆபீஸ்லயும் எல்லாரும் பார்த்துட்டோம், ஞாயித்துக்கிழமை ஆறு பேர் வர்றோம், எங்களையும் கொஞ்சம் திட்டுவீங்களா?"