பல் எக்ஸ்ரேயில் ஒரு சிலுவை

வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பல்வலி வரவே கூடாது. எனக்கு வந்தது. சிரிப்பு வந்தால்கூட முந்தானையால் வாயை மூடிக்கொள்கிற ரகம் நான். (என் கல்யாண போட்டோவில் முக்காடு நன்றாக விழுந்திருக்கும். முகத்தைத் தேடத்தான் வேண்டும்.)

வலி வலது பக்கம், கீழ்வரிசையில். மேடவாக்கத்தில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு எதிரே புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருந்தது. மருமகள் ஸ்டெல்லா அங்கே அழைத்துப் போனாள். என் வீட்டுக்காரரும் கூடவே கிளம்பிவிட்டார். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற மனிதர் இல்லை.

பல் எக்ஸ்ரே எனக்குப் புதிது அல்ல. முன்பு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வயதான டாக்டர் எடுத்திருக்கிறார். தபால்தலை அளவு பிலிமை வலிக்கிற பல்லுக்குப் பின்னால் வைத்து, "விரலால புடிச்சுக்கோம்மா" என்பார். பிறகு ஒரு இருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு அதைக் கழுவி, சொட்டச் சொட்ட டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். புகை மாதிரி ஏதோ தெரியும். "ஆமாங்க டாக்டர்" என்று சொல்லி வைப்பேன். தோட்டைக் கழற்று, சங்கிலியைக் கழற்று என்ற பேச்சே கிடையாது. பிலிம் எந்தப் பல்லுக்குப் பின்னால் இருக்கிறதோ அந்தப் பல் மட்டும் படத்தில் விழும். எக்ஸ்ரே என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்த அறிவுதான் என்னைக் கவிழ்த்தது.

புது ஆஸ்பத்திரியில் பிலிமே இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின் நின்றது.

"இது டிஜிட்டல் பாட்டி," என்றாள் எக்ஸ்ரே எடுக்கிற பெண். "ரெண்டு கையாலயும் இந்த ஹேண்டிலைப் புடிச்சுக்கணும். மிஷின் தலையைச் சுத்தி ஒரு ரவுண்டு வரும், அவ்ளோதான். காதுல கழுத்துல இருக்கிறதெல்லாம் கழட்டி டிரேல வெச்சிடுங்க. நான் ஏப்ரன் எடுத்துட்டு வந்துடறேன்."

தோட்டைக் கழற்றினேன். அடுத்தது தாலிச் சங்கிலி. கை அங்கேயே நின்றுவிட்டது. நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவர் ஐ.சி.யு.வில் கிடந்தபோது அந்தத் தாலியைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபித்தேன். அதைக் கழற்றித் தட்டில் வைப்பதா? (எங்கள் போதகர் கேட்டால் மூடநம்பிக்கை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே வெளுப்பார். அவர் மனைவியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.)

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

உடம்பை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று யோசித்தேன். கையில் வைக்க வழியில்லை. இடுப்பில் செருகலாம் என்றால், தாலி அவ்வளவு கீழே இறங்கக் கூடாது. அப்போதுதான் என் இடது பக்க மேல்வரிசை ஞாபகத்துக்கு வந்தது. கடைவாய்ப் பற்கள் போனபின் அங்கே வாடகைக்கு விடுகிற அளவு இடம் சும்மா கிடந்தது. வலிக்கிற பல் வலது பக்கம் கீழே. எக்ஸ்ரே அதைத்தானே பார்க்கப்போகிறது? மெல்லிய சங்கிலியைச் சுருட்டி, சிலுவை வைத்த தாலி, அதில் எப்போதும் தொங்கும் ஊக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். "பேர் சொல்லுங்க பாட்டி."

"ம்."

"வயசு?"

"ம்ம்."

"சரி, வெக்கப்படாதீங்க," என்று அவளே சமாதானம் ஆகிவிட்டாள். ஊமை மாதிரி நிற்பதற்கு எனக்குப் பயிற்சியே தேவையில்லை.

மிஷின் ஒரு சுற்று சுற்றி நின்றது. பிலிமைக் கழுவுவார்கள், காயவைப்பார்கள், அதற்குள் பாத்ரூமில் போய் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. டிஜிட்டலில் கழுவவே மாட்டார்களாம். அந்தப் பெண் கையைப் பிடித்து நேராக டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனாள். நான் போகும் முன்பே என் வாய் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சுவர் டிவியில், காதிலிருந்து காதுவரை. ஸ்டெல்லாவும் என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் சின்னப் பையன். "அம்மா, தாடைல பிளேட் ஏதாவது வெச்சிருக்காங்களா? ஆக்சிடென்ட் ஏதும் ஆச்சா?"

"இவளுக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். "ஆக்சிடென்ட் எனக்குத்தான். இவளைக் கட்டினது."

டாக்டர் சிரிக்கவில்லை. படத்தை அந்த நிமிஷமே தன் பெரிய டாக்டருக்கு அனுப்பி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"கம்பி கட்டியிருக்காங்கப்பா," என்றது போன். "எந்த ஊர்ல பண்ணாங்கன்னு கேளு. ரொம்ப மட்டமான வேலை."

"சார், நடுவுல சிலுவை மாதிரி தெரியுது சார்."

போன் சந்தேகமாகக் கேட்டது: "சர்ச்சுல போய் வைத்தியம் பாத்தாங்களா?"

"வாயைத் திறங்கம்மா," என்றார் டாக்டர்.

திறந்தேன். அவர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். மேஜிக்காரன் வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி சங்கிலி வந்தது, தாலி வந்தது, கடைசியில் ஊக்கு வந்தது. ஈரத்தோடு பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஏம்மா இப்படி?"

தரையைப் பார்த்தபடி சொன்னேன். "அவருக்கு இப்பதான் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. கழட்ட மனசு வரலை."

ஸ்டெல்லாதான், "ஏன் அத்தை, பிளவுஸுக்குள்ள வெச்சிருக்கலாமே," என்றாள். (அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.)

"முழுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? என்னைக் காப்பாத்தறேன்னு நீ போய்ச் சேர்ந்திருப்ப," என்றார் என் வீட்டுக்காரர்.

எக்ஸ்ரேயைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"கொண்டா இங்க. என் உசுருக்குத்தானே காவல்? என் மேலயே இருக்கட்டும்," என்று தலையைக் குனிந்தார்.

டாக்டர் முன்னால், மருமகள் முன்னால், அவர் கழுத்தில் நான் தாலியைப் போட்டேன். அவர் அதைச் சட்டைக்கு மேலேயே தொங்கவிட்டபடி வெளியே போய் உட்கார்ந்தார். எதிரே இருந்த ஐ.டி. பையன் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தானாம். "என்ன தம்பி, உங்க வீட்டம்மா உங்களுக்கு இன்னும் போடலையா?" என்று இவர் கேட்டாராம்.

இரண்டாவது எக்ஸ்ரேயில் பல் மட்டும் விழுந்தது. ரூட் கெனால் பண்ணிச் சரிசெய்தார்கள். முதல் படம்தான் தீராத நோயாகிவிட்டது. பழைய பிலிமாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன். இது மகன் போனுக்குப் போய், குடும்ப குரூப்புக்குப் போய், பார்க்காத சொந்தக்காரன் இல்லை. ஒரு போனில் அழித்தால் இன்னொன்றில் முளைக்கிறது. "இவ என்னைப் போட்டு மெல்றான்னு சொன்னா யாரும் நம்பலை. இப்ப ஆதாரம் இருக்கு," என்று வருகிறவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் காட்டுகிறார்.

அதற்கப்புறம் எனக்கு ஸ்கேன், எக்ஸ்ரே எது என்றாலும், நர்ஸ் கழற்றச் சொல்லும் முன்பே அவர் மேல் பட்டனை அவிழ்த்துக்கொண்டு கழுத்தை நீட்டுகிறார், அத்தனை பேர் நடுவில். கல்யாணத்தன்று சர்ச்சில் நான்கூட அப்படி நீட்டவில்லை.